இலை சுருட்டினால் செலவு!

மாசி மாதம் ஊருக்குப் போனபோது, சும்மா ஒரு பந்தாவுக்காகத் தொட்டிச் செடி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் ஏ.ஸி. காற்றில் தளதளவென்று நிற்குமே, வெள்ளைத் திட்டுப் போட்ட அகல இலைச் செடி, அதே ஜாதி. செடி முந்நூற்றைம்பது ரூபாய். பீங்கான் தொட்டி தனி! உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டு வாசலில் அதைக் கம்பீரமாக நிறுத்தி, "தினம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துங்க, போதும்" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை மறுபடி போனால், தொட்டியில் நாலு காய்ந்த குச்சி. இலைகளைத் தொட்டேன். அப்பளம் மாதிரி நொறுங்கின.

"ரெண்டு சொம்பு ஊத்தினேம்ப்பா. மூணே நாளு, அப்பிடியே பொசுங்கிப்போச்சு" என்றாள் பெரியம்மா, ஏதோ கொலைக் கேஸில் சாட்சி சொல்வது போல.

திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "நெழல்ல பொறந்ததை இட்டாந்து வெயில்ல வெச்சா இன்னா ஆகும்? உன்னை இட்டும்போய் நடவுக்கு வுட்டா மூணு நாள் தாங்குவியா? படிச்சவன்தானே நீ!"

இதில் கடைசி வாக்கியம்தான் சுருக்கென்றது. காரணம், நான் படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல். இலையைக் குறுக்கே வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படம் வரைந்து, பாகம் குறித்து, பாஸ் பண்ணி, அப்புறம் பிழைப்புக்கு அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் வந்து உட்கார்ந்தவன். செடி செத்த காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலில் வைத்தேன் பாருங்கள், அதுதான் படிப்பு!

காரணம் இதுதான். அந்த ஜாதிச் செடிகளுக்குச் சொந்த ஊர் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகள். உயரமான மரங்களுக்கு அடியில், வெயிலில் நூற்றில் ஓரிரு பங்குதான் தரைக்கு வந்து சேரும். கிடைக்கிற வெளிச்சத்தைச் சிந்தாமல் பிடிக்க வேண்டும். அதனால் இலை அகலம், மெல்லிசு. காற்றில் எப்போதும் ஈரம். தண்ணீரைப் பற்றிக் கவலையே படாத குடும்பம். அதைக் கொண்டுவந்து உத்திரமேரூர் பங்குனி வெயிலில் நிறுத்தினால்?

இலையின் கஷ்டம் நம் மாதச் சம்பளக் கஷ்டம் மாதிரிதான் சார். இலைக்குச் சாப்பாடு காற்றிலிருக்கும் கரியமில வாயு. அதை உள்ளே இழுக்க இலைத்துளை என்கிற வாயைத் திறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாய். பல செடிகளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கும் மேல் உண்டு. சாப்பிடத் திறந்தால், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே ஓடிவிடும். ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள், சாதாரணச் செடியில் நூற்றுக்கணக்கான தண்ணீர் மூலக்கூறுகள் போய்விடுகின்றன. வேர் பாடுபட்டு உறிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இப்படியே ஆவி! சரி, வாயை மூடிக்கொள்ளலாமே என்றால் பட்டினி. திறந்தால் தாகம், மூடினால் பசி.

ஒன்றாம் தேதி சம்பளம் வந்து ஐந்தாம் தேதி காலியாகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"வா, கயனி வரைக்கும் போய்ட்டு வரலாம். உனுக்கும் நாலு இலை காட்டறேன்" என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவருக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நவரைப் பட்டத்து நெல் ஒன்றரை ஏக்கர், தொண்டைக்கதிரில் நிற்கிறது. ஏரித் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. முறைத் தண்ணீர் வர இன்னும் மூன்று நாள். நடுவில் வேண்டுமானால் பக்கத்துக் கழனிக்காரர் மோட்டாரில் மணிக்கணக்குப் பேசி விலைக்கு வாங்க வேண்டும். வாங்கலாமா, மூன்று நாள் தாங்குமா? இதுதான் வீட்டில் நாலு நாளாகப் பட்டிமன்றம்.

முதலில் வந்தது தாமரைக் குட்டை. சிக்கனம் என்ற வார்த்தையே தெரியாத இலை என்று பார்த்தால் அது தாமரைதான். காலடியில் வற்றாத தண்ணீர். எதற்கு வாயைக் கட்டுவது? ஆனால் அதற்கு வேறு தலைவலி. சாதாரணமாகப் பல மரங்களின் இலைத்துளைகள் வெயில் படாமல் இலையின் அடிப்பக்கம்தான் இருக்கும். தண்ணீரில் மிதக்கும் தாமரை இலைக்கு அடிப்பக்கம் பூராவும் தண்ணீர். ஆகவே வாயை மேல்பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறது. மேலே வாய் இருந்தால் மழை பெய்யும்போது தண்ணீர் அடைத்துக்கொள்ளாதா? அதற்குத்தான் அந்த ஒட்டாத மேல்தோல். கண்ணுக்குத் தெரியாத மேடு மேடான புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் மெழுகு. நீர்த்துளி அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு முத்தாக உருளும். உருளும்போது தூசியையும் துடைத்துக்கொண்டு போகும். ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்து வில்ஹெல்ம் பார்த்லாட், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்து, 1997-ல் சக விஞ்ஞானி ஒருவரோடு கட்டுரை எழுதினார். அப்புறம் அழுக்கு ஒட்டாத பெயின்ட் வரைக்கும் வந்துவிட்டது. பட்டும் படாமல் இருக்கும் உறவைத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நம் பாட்டிகள் சொல்லிவந்தார்கள். பேட்டன்ட் எடுக்கத்தான் தோன்றவில்லை!

ஒரு தண்டை ஒடித்து என் கையில் கொடுத்தார் பெரியப்பா. உள்ளே நாலைந்து ஓட்டைகள். "இதுலதான் மூச்சு வுடுது. சேத்துல ஏது காத்து?" என்றார். வாஸ்தவம். இலை வழியாகப் போகும் காற்று, இந்தக் குழாய்களில் இறங்கிச் சேற்றுக்குள் இருக்கும் கிழங்கு வரை போய்ச் சேருகிறது. இதை நான் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். தண்டை வாயில் வைத்து ஊதிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரையேறினால் உலகமே வேறு. நூறடி தள்ளி எருக்கு நிற்கிறது. கோடையில் எல்லாம் கருகும்போது இது மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இலையை விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளையாக வரும். மெழுகும் நுண்ணிய ரோமமும் சேர்ந்த பூச்சு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் போவது போல, கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். பாலோ விஷம், ஆடும் கிட்டே வராது.

அதற்குப் பக்கத்தில் சீமைக்கருவேலம். எங்கள் ஜில்லாவில் இதைத் திட்டாத விவசாயி கிடையாது. திட்டிக்கொண்டே அதன் இலையையும் பாருங்கள். அரிசி அளவு சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்தாற்போல் இருக்கும். புளிக்கும், நெல்லிக்கும் ஏறக்குறைய அதே கதை. அகலமான இலையின் மேல் காற்று ஒரு போர்வை மாதிரி தேங்கிச் சூடேறும். சின்ன இலையில் தேங்க இடமில்லை, சூடு உடனே காற்றோடு போய்விடும். தண்ணீர் செலவழித்துக் குளிர வேண்டிய அவசியம் குறைவு.

'அப்படியானால் வாழை?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெரியப்பா வாய்க்கால் ஓரத்து வாழையைக் காட்டினார். காற்றில் இலை சீப்பு மாதிரி கிழிந்து தொங்கியது. அது சேதம் இல்லை சார், ஏற்பாடு! நரம்புகள் குறுக்காக ஓடுவதால் அந்த வாக்கிலேயே சுலபமாகக் கிழியும். கிழிந்தால் காற்று தள்ளிச் சாய்க்காது. அகல இலை சின்னச் சின்ன இலைகளாகி, சூடும் குறையும். கிழியாத இலைதான் வேண்டும் என்று பந்தியில் அடம்பிடிப்பது நாம் மட்டும்தான்.

கரைமேல் வரிசையாகப் பனை. எங்கள் பக்கத்தில் பனை இல்லாத ஏரிக்கரை பார்ப்பது கஷ்டம். ஒரு மீட்டருக்கு மேல் விரியும் ஓலை. அதை உயரத்தில், முழு வெயிலில், ஐப்பசிப் புயலில் வைத்துச் சமாளிக்கிறது. எப்படி? ஒரு ஆபீஸ் சோதனை செய்யுங்கள். டைப் அடித்த காகிதத்தை ஒரு ஓரத்தில் பிடித்து நீட்டினால் தொங்கும். அதையே விசிறி மாதிரி மடித்துப் பிடியுங்கள், விறைப்பாக நிற்கும். மானேஜர் பார்க்காத நேரமாகச் செய்வது நல்லது. பனை செய்திருப்பது இந்த மடிப்பு வித்தைதான். நார் அதற்குக் கம்பி. மேலே கெட்டியான மெழுகுத் தோல்.

அந்த நாரும் விறைப்பும்தான் ஓலையை எழுதுவதற்கும் லாயக்காக ஆக்கியது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை ஒரு நடை பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலைத் தேர்தல். அதில் ஒரு வாரியத்துக்கு வேலையே ஏரியைப் பார்த்துக்கொள்வது. நிற்பவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வாடகை வீட்டுக்காரனான எனக்கு டெபாசிட் இல்லை, நாமினேஷனே கிடையாது!

வெயிலைத் தாங்கப் பனை செய்துகொண்ட ஓலை, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரித் தண்ணீரை யார் கவனிப்பது என்று முடிவு செய்திருக்கிறது. இன்றைக்கு அதே பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அறிவிப்புக்கு முன்னாலேயே செங்கல் சூளைக்குப் போனவை எத்தனையோ!

மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கழனியில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கும் ஏனென்று தெரிந்தது. நெல்லின் இலைகள் எல்லாம் நீளவாக்கில் சுருட்டிக்கொண்டு ஊசி ஊசியாக நின்றன. பச்சை கொஞ்சம் மங்கிச் சாம்பல் தட்டியிருந்தது.

நெல் பாதி தாமரை ஜாதி. இதற்கும் இலையிலிருந்து வேருக்குக் காற்றுக் குழாய் உண்டு. அதனால்தான் சேற்றில் நிற்கிறது. தண்ணீர் இருக்கும் என்ற நம்பிக்கையில் வாழ்கிற பயிர். தண்ணீர் குறைந்தால் அதனிடம் இருக்கிற அவசர ஏற்பாடு இந்தச் சுருட்டல். இலையின் மேல்பக்கத்தில் வரிசையாகக் கொஞ்சம் பெரிய செல்கள், பலூன் மாதிரி. தண்ணீர் இருக்கும்வரை உப்பி, இலையை விரித்துப் பிடிக்கும். குறைந்தால் சுருங்கும், இலை உள்பக்கமாகச் சுருண்டுவிடும். வெயில் படும் பரப்பு பாதி மிச்சம். மேல்பக்கத்து வாய்களும் உள்ளே மறைந்துவிடும். கடைசி வாரத்தில் நாம் லைட்டை அணைத்துவிட்டு ஒரே அறையில் எல்லோரும் உட்காருவோமே, அது.

"மோட்டாருக்கு இப்பவே சொல்லிடலாம் பெரியப்பா" என்றேன் பதறி.

"இருடா. மத்தியானத்துல எந்தப் பயிரும் கொஞ்சம் சுருட்டத்தான் செய்யும். காலைல பாக்கணும். விடியக்காலம் விரிஞ்சிருந்தா வேருல ஈரம் கீதுன்னு அர்த்தம். விடிஞ்சும் சுருட்டிக்கினே இருந்துச்சுன்னா..." என்று நிறுத்தினார். தொண்டைக்கதிரில் காயவிட்டால் பூ பிடிக்காது. கதிர் வரும், உள்ளே பதர்தான். மூன்று மாத உழைப்பு வைக்கோலாகப் போகும். அவசரப்பட்டுத் தண்ணீர் வாங்கினாலோ, அந்தப் பணத்துக்கு உரக்கடையில் வேறு பாக்கி நிற்கிறது.

"கேவுரு போட்டிருக்கலாம்" என்றார், தனக்குத்தானே.

கேழ்வரகும், கம்பும், கரும்பும் வேறு கட்சி. கரியமில வாயுவை முதலில் ஒரு அறையில் பிடித்து, அடர்த்தியாக்கி, உள்ளறைக்குத் தள்ளுகிற பம்ப் வைத்திருக்கின்றன. வாயைக் கொஞ்சமாகத் திறந்தாலே வயிறு நிறையும். நெல் ஒரு கிலோ வளரச் செலவழிக்கிற தண்ணீரில் ஏறக்குறைய பாதியில் இவை அதே கிலோ வளரும். கரும்பில் இந்த வித்தையை ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966-ல் விளக்கினார்கள். நெல்லுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கப் பல வருஷமாக விஞ்ஞானிகள் மல்லுக்கட்டுகிறார்கள். இன்னும் நெல் மசியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், என் பீங்கான் தொட்டியில் செத்த குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தடித்த இலை ஒன்றைப் படுக்கப் போட்டிருந்தாள் பெரியம்மா. ரணகள்ளி. இலையைக் கிடத்தினால் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்குமே, கட்டிப்போட்டால் குட்டிபோடும், அதுதான். "இதுக்குத் தண்ணியே ஊத்த வேணாம். காலைல கடிச்சா புளிக்கும், சாயந்திரம் புளிக்காது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே விஷயத்தை பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், தரங்கம்பாடி மிஷனில் டாக்டராக வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளராக ஆனவர், லண்டனுக்குக் கடிதமாக எழுதி, 1815-ல் லின்னேயன் சங்கம் அச்சிட்டது. விடியற்காலையில் புளிப்பு, மத்தியானம் சப், சாயங்காலம் லேசான கசப்பு என்று, அவர் மென்று பார்த்துச் சொன்னதே இதே ரணகள்ளிதான். காரணம் பிற்பாடு தெரிந்தது: இது பகலில் வாயே திறக்காது! ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து, கரியமில வாயுவைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேமித்து, வாயை மூடிக்கொள்ளும். மறுநாள் வெயில் வந்ததும் அதை எடுத்துச் சமைக்கும். அதான் சாயங்காலம் புளிப்பு காலி. வேலி சதுரக்கள்ளியும், சப்பாத்திக்கள்ளியும்கூட இதே நைட் ஷிஃப்ட்தான். அவை இன்னும் ஒரு படி மேலே போய், இலையே வேண்டாம் என்று உதிர்த்துவிட்டுத் தண்டிலேயே சமைக்கின்றன.

ஒரு துணுக்கு மென்றேன். புளிப்பே இல்லை. துப்பிவிட்டேன். (நீங்களும் துப்பிவிடுங்கள், அதிகம் தின்றால் மாட்டுக்கே ஆகாது. வேலிக் கள்ளியை நாக்கில் வைக்கவே வைக்காதீர்கள், பால் பொல்லாதது.)

ஞாயிறு விடிய நாலே முக்காலுக்குப் பெரியப்பா எழுப்பினார். போகிற போக்கில் தொட்டியில் குனிந்து அதே இலையில் இன்னொரு துணுக்கு கிள்ளி மென்றேன். புளியங்காய்! பல் கூசியது. இருட்டில் என்னைத் தவிர யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

கழனியில் லேசாகப் பனி. டார்ச் அடித்தார். கீழ்க்கட்டத்து நெல் எல்லாம் இலையை விரித்துக்கொண்டு, நுனியில் ஒரு சொட்டோடு நின்றது. நான் பெருமூச்சு விட்டேன். அவர் விடவில்லை. வரப்போடு மேட்டுக் கட்டத்துக்கு நடந்தார். அங்கே டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நுனியில் சொட்டு இல்லை. இலை, நேற்று மத்தியானம் பார்த்த அதே ஊசி. விரலால் ஒன்றைப் பிரித்து விட்டார். மெல்ல மறுபடி சுருண்டது.

"மூணு நாள் தாங்காது" என்றார். அவ்வளவுதான். நாலு நாள் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு.

"கீழ்க்கட்டம்?"

"அது தாங்கும். மேட்டுக்கு மட்டும் மூணு மணி நேரம் வாங்கிக்கலாம். முழுசுக்கும் வாங்கினா கட்டுப்படியாவாது."

மோட்டார்க்காரர் வீட்டு வாசலில் ஆறு மணிக்கு நின்றோம். அவர் ரொக்கம் கேட்டார். பெரியப்பா மடியைத் தடவினார். நான் போனை எடுத்து ஜி-பே பண்ணினேன். தொட்டிச் செடிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஒன்பது மணி பஸ்ஸில் ஜன்னலோர சீட். எங்கள் கழனி சாலையிலிருந்து தெரியும். வாய்க்காலில் தண்ணீர் மினுங்கியது; மேட்டுக் கட்டத்தில் பெரியப்பா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார். இலை எப்படி இருக்கிறது என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, நான் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது போன் அடித்தது.

"டேய், விரிஞ்சிடுச்சிடா" என்றார் பெரியப்பா. வைத்துவிட்டார்.